ஒன்பது விரல்

வெள்ளைக் கையுறை சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு மேலே ஏறவில்லை. தங்கபாய் தன் அண்ணனின் வலது கையை ஐஸ் பெட்டியின் விளிம்பில் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக நுழைத்துக்கொண்டிருந்தாள். நான்கு விரல் போய்விட்டது. ஐந்தாவதில் துணி இழுபட்டு நின்றது.

"மைனி, இந்தச் சுண்டுவெரல்ல மட்டும் நகம் வளந்து கெடக்கு. துணியில மாட்டுது."

எப்சிபா டீச்சர் திரும்பவில்லை. எந்த விரல், எந்த நகம் என்று அவளுக்குத் தெரியும்.

"கிழிஞ்சாக் கிழியட்டும். மாட்டிவிடுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. அய்யாதுரை இறந்து பதினேழு மணி நேரம் ஆகியிருந்தது. சவப்பெட்டிக்காரர் நேற்று கோட்டு, டை, காலுறை என்று எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டுக் கையுறையை மறந்துவிட்டார். இன்று காலையில்தான் ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினார். செத்தவருக்குக் கையுறை எதற்கு என்று டீச்சர் கேட்டிருப்பாள். கேட்டால் தங்கபாய் அழுவாள். அழுதால் மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைப்பாள். அதைப் பார்க்கும் தெம்பு டீச்சருக்கு இல்லை.

வந்துபோன ஜனங்களே போதும் என்றிருந்தது. நேற்று மாலை இந்த மந்தைவெளி வீட்டின் கூடத்தில் நாற்பது பேராவது வந்து நின்றார்கள். அத்தனை பேருக்கும் சொல்லத் தெரிந்தது ஒரே வார்த்தை: "நல்ல மனுஷன்." நல்ல மனுஷன் என்றால் வேறு சொல்ல ஒன்றுமில்லை என்று பொருள். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிக் கொடுத்த டீச்சருக்கு அது தெரியாதா? கடைசியாகச் சபையின் இளம் போதகர் வந்தார். கண்ணை மூடி நீளமாக ஜெபித்துவிட்டு, "கர்த்தருக்குச் சித்தமானது நடந்திருக்கு டீச்சர்" என்றார்.

"எனக்குச் சித்தமில்லையே" என்றாள் டீச்சர்.

அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "நாளைக்குக் காலை ஆராதனையைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. சீட்டுப் பெட்டிய நானே திறந்து வாசிச்சுக்கிறேன். எங்கிட்டயும் ஒரு சாவி இருக்கு."

அந்த வார்த்தைதான் டீச்சரை இரவெல்லாம் உட்கார வைத்தது. புருஷனின் சாவு அல்ல.

சாவைப் பற்றி நினைக்க என்ன இருக்கிறது? சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, ரசம் சாதத்தில் நாலு ஸ்பூன் வாங்கிக்கொண்டு, ஐந்தாவதற்கு வாயைத் திறக்காமல் போய்விட்டார். உயிரோடு இருந்தபோதும் அவர் எதையும் சத்தம் போட்டுச் செய்ததில்லை. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்தொரு வருஷம் டெலிவரி கவுண்டரில் நின்றார். பில்லில் முத்திரை குத்தி, பையை வாடிக்கையாளரிடம் நீட்டி, "நன்றி, மறுபடி வாங்க" என்று சொல்வது. அதுதான் வேலை. சேர்ந்த நாளிலும் அதே, ஓய்வு பெற்ற நாளிலும் அதே. பள்ளியில் யாராவது கேட்டால், "டெக்ஸ்டைல் லைன்ல இருக்கார்" என்று டீச்சர் சொல்லி வைத்திருந்தாள். ஒரு தலைமையாசிரியையின் கணவர் பை நீட்டுகிறார் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கடையை விட்டு வந்த பிறகும் அந்த வியாதி அவரை விடவில்லை. பால்காரனுக்கு தேங்க்ஸ். பஸ் கண்டக்டருக்கு தேங்க்ஸ். பணம் எடுக்கும் இயந்திரத்துக்கும் ஒரு தரம் தலையாட்டியதை டீச்சர் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். எல்லோருக்கும் நன்றி சொல்கிற ஆளை எவன் மதிப்பான்? முதுகெலும்பு இல்லாதவர்கள்தான் தேங்க்ஸ் சொல்லிக்கொண்டு திரிவார்கள் என்பது டீச்சரின் முடிவு. அவள் யாருக்கும் சொல்லமாட்டாள். தனக்கு வர வேண்டியது வந்தால் அதற்கு என்ன நன்றி?

டீச்சர் எழுந்து முகம் கழுவி, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, கைப்பையில் சாவியைத் தேடினாள்.

தங்கபாய் வாயைப் பிளந்தாள். "எங்க மைனி கெளம்பிட்டிய?"

"சர்ச்சுக்கு."

"அண்ணன இப்படிப் போட்டுட்டா? மூணு மணிக்கு நாம எல்லாரும் அங்கதான போவப்போறோம்?"

"நாப்பத்தாறு வருஷத்துல நான் ஒரு ஞாயித்துக்கிழமை தப்பினதில்ல. வர்றவங்க கிட்டச் சொல்லுங்க."

சொன்னால் ஊர் மெச்சும் என்று அவளுக்குத் தெரியும். என்ன விசுவாசம், என்ன வைராக்கியம் என்பார்கள். உண்மை வேறு. அவளுக்கு அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுக்க வேண்டும். எட்டு மணிக்கு ஆராதனை தொடங்குமுன் எடுக்க வேண்டும்.

தெருமுனை ஸ்டாண்டில் பீர் முஹம்மது ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். இருபது வருஷமாக இந்த வீட்டுக்கு ஓட்டுகிறவன். டீச்சரைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எதுவும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினான். மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரத்தைச் சுற்றிக்கொண்டு சந்து சந்தாகப் போக வேண்டியிருந்தது.

"தங்கமான மனுசன்மா பெர்சு" என்றான். "எறங்கசொல்லோ தேங்க்ஸ் சொல்லாம போவமாட்டாரு. மேல கேக்கவே மனசு வராது."

"கேட்காம இருந்தியா?"

"கேப்பேன்மா. கம்மியா கேப்பேன்." கொஞ்ச தூரம் போனபின் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "வியாயக்கெயம மருந்து குடுக்க வந்தேன் பாரு, அன்னிக்கி கூட பெர்சு என் கைல ஒரு..."

"முன்னாடி பாத்து ஓட்டு. பள்ளம் இருக்கு."

அவன் பள்ளத்தைச் சுற்றினான்.

ஆலய வாசலில் இரண்டு மரப்பெட்டிகள் சுவரில் பதிக்கப்பட்டிருந்தன. ஒன்றில் 'விண்ணப்பம்' என்றும் மற்றதில் 'ஸ்தோத்திரம்' என்றும் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். வேண்டியதை எழுதி முதல் பெட்டியில் போடலாம், கிடைத்ததற்கு நன்றி எழுதி இரண்டாவதில் போடலாம். ஞாயிறு காலை சபைச் செயலாளரான டீச்சர் திறந்து, அடுக்கி, போதகர் கையில் கொடுப்பாள். அவர் அறிவிப்புகளோடு சேர்த்து வாசிப்பார். பெயர் போடுவது எழுதுகிறவர் இஷ்டம். கொடுப்பதற்கு முன் டீச்சர் சிவப்புப் பேனாவால் பிழை திருத்துவாள். பிழையோடு ஒரு விண்ணப்பம் கடவுளிடம் போவதை அவளால் சகிக்க முடியாது.

ஆலயத்தில் இன்னும் யாரும் வரவில்லை. அவள் முதல் பெட்டியைத் திறந்தாள். வழக்கம்போலப் பிதுங்கி வழிந்தது. பின்னறை மேசையில் கொட்டிப் பிரித்தாள். ஒருவருக்குக் கனடா விசா. ஒருவருக்கு மருமகள் தனிக்குடித்தனம் கேட்காமல் இருக்க வேண்டும். ஒருவர் பள்ளிக்கரணையில் வாங்கிய ஃபிளாட்டுக்குள் மழைத் தண்ணீர் வரக்கூடாது என்று மூன்றாவது வருஷமாக எழுதுகிறார். பேராசை பிடித்த ஜென்மங்கள். ஓசியில் கிடைக்கிறது என்றால் கடவுளிடம் காய்கறிகூட வாங்கி வரச் சொல்வார்கள் போலிருக்கிறது.

அடியில் அவளுடைய சீட்டு இருந்தது. மற்றவர்கள் எழுதுவதுபோல் கிழித்த தாள் அல்ல. கோடு போட்ட முழுத் தாள். நாலாக மடித்திருந்தது.

பொருள்: கணவர் சுகமடைதல் தொடர்பாக. பார்வை: எனது முந்தைய மூன்று விண்ணப்பங்கள். கீழே ஒன்று, இரண்டு என்று எண் போட்டு அவள் சேவையைப் பட்டியலிட்டிருந்தாள். ஓய்வுநாள் பள்ளியில் நாற்பத்தாறு வருஷம். பெண்கள் ஐக்கியத்தில் பதினெட்டு வருஷம். ஒரு ஞாயிறும் தவறவில்லை. 'மேற்கண்டவற்றைக் கருத்தில் கொண்டு, என் கணவர் எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுந்து நடக்கும்படி செய்ய வேண்டும்' என்று முடித்து, கையெழுத்துப் போட்டு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை என்றும் எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வந்தபோது போட்டது.

எதிர்வரும் ஞாயிறு இதோ வந்துவிட்டது. அவர் எழுந்து நடக்கவில்லை.

கடவுளுக்கே கெடு வைத்தவள் என்று யாரும் வாய்விட்டுச் சிரிக்கமாட்டார்கள். ஆனால் போதகர் இதை மைக்கில் வாசித்தால், அடுத்த வரியில் அடக்க ஆராதனை மூன்று மணிக்கு என்று அறிவித்தால், முன் வரிசைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையை டீச்சரால் தாங்க முடியாது. பிள்ளை கேட்டுப் பதினோரு வருஷம் எழுதிப் போட்டபோது அதே பார்வையைப் பார்த்திருக்கிறாள். அப்போதும் பதில் இல்லை. ஒரு சாதாரண அரசு அலுவலகத்தில்கூடத் தொண்ணூறு நாளைக்குள் நிராகரித்துவிட்டேன் என்றாவது கடிதம் வரும்.

சீட்டை நாலாகவும் எட்டாகவும் கிழித்துக் கைப்பைக்குள் போட்டாள். வந்த வேலை முடிந்தது.

இரண்டாவது பெட்டியைத் திறக்க அவசியமே இல்லை. அது எப்போதும் காலி. கேட்டது கிடைத்தவுடன் இந்த ஜனங்களுக்கு அடுத்ததைக் கேட்கத்தான் நேரமிருக்கும். அந்தப் பெட்டியில் சீட்டுப் போட்ட ஒரே ஆள் சபையில் ஒருவர்தான். அவர் டீச்சரின் புருஷன்.

எட்டு வருஷத்துக்கு முன்பு, பழைய போதகர் காலத்தில், அவருடைய சீட்டு ஒன்று மைக்கில் வாசிக்கப்பட்டது. 'வெள்ளிக்கிழமை தி.நகரிலிருந்து வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது, காற்று நன்றாக வந்தது, அதற்காக ஸ்தோத்திரம்.' பாடகர் குழுப் பெண்கள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பெயர் இல்லாவிட்டாலும் யார் எழுதியது என்று எல்லோருக்கும் தெரிந்தது. டீச்சர் அன்றைக்கு வீடு வரும்வரை பேசவில்லை. வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டவர் என்ன உங்க கடை கஸ்டமரா? நன்றி, மறுபடி வாங்கன்னு சொல்றதுக்கு?"

அய்யாதுரை சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "அவரு கஸ்டமர் இல்ல டீச்சர். நாமதான் கஸ்டமர். அதுவும் காசு கட்டாத கஸ்டமர். பையை மட்டும் வாங்கிட்டுப் போறோம். தேங்க்ஸாவது சொல்லாண்டாமா?"

அவரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கேலியா மரியாதையா என்று அவள் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவருடைய சீட்டு ஒன்றுகூடப் போதகர் கைக்குப் போகவில்லை. டீச்சரே எடுத்துக் கிழித்துவிடுவாள். முதலில் சிலவற்றை வாசித்தாள், பிறகு வாசிக்காமலே. குழாயில் தண்ணீர் வந்ததற்கு. செருப்பு தைத்தவர் நன்றாகத் தைத்ததற்கு. எதிர்வீட்டுக் குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு. எட்டு வருஷம், வாரம் ஒன்று. அவர் இடதுபுறம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, சீட்டு வாசிக்கும் நேரம் வந்ததும் லேசாக முன்னால் சாய்வார். வாசித்து முடிந்ததும் பின்னால் சாய்ந்துகொள்வார். ஒருமுறைகூட அவர் கேட்டதில்லை. "இந்த வாரம் சீட்டு நெறைய போல" என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். நிறைய என்றாள் டீச்சர்.

நாலு மாதமாக அவர் படுக்கையில். ஆகவே பெட்டி காலியாகத்தான் இருக்கும். போதகர் திறந்து பார்த்துத் தன்னைக் குறை சொல்லக்கூடாது என்பதற்காக மட்டும் டீச்சர் அதைத் திறந்தாள்.

உள்ளே ஒரு சீட்டு கிடந்தது. மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம். எழுத்து ஆடியிருந்தது, ஆனால் கையெழுத்து அவருடையதுதான். பீர் முஹம்மது சொல்ல வாயெடுத்தது இதைத்தான் என்று இப்போது புரிந்தது.

'புதன்கிழமை என் மனைவி எனக்கு நகம் வெட்டிவிட்டாள். ஒன்பது விரல். அதற்காக ஸ்தோத்திரம்.'

டீச்சருக்கு முதலில் வந்தது கோபம். செத்த பிறகும் மானத்தை வாங்குகிறாரே என்று வந்தது. சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். திருத்த ஒன்றும் இருக்கவில்லை. பிழையே இல்லாமல் எழுதியிருந்தார்.

புதன்கிழமை அவர் சொறிந்து சொறிந்து மார்பில் கோடு கோடாகக் கீறியிருந்தது. நகம் வளர்ந்துவிட்டது, யாராவது வெட்டிவிட்டால் தேவலை என்றார். வீட்டு வேலைக்கு வரும் ஹம்சா, "குடுங்க டீச்சரம்மா, நா வெட்றேன்" என்று வந்தாள். கண்டவளும் தொட வேண்டாம் என்று டீச்சர் நகவெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கியபின் வெட்ட வேண்டியதாயிற்று.

இடது கை முடியும்வரை திட்டினாள். வலது கை முழுக்கத் திட்டினாள். "இந்தக் கையால உருப்படியா ஒரு காரியம் செஞ்சிருக்கீங்களா? பை நீட்டின கை. எல்லாருக்கும் கும்பிடு போட்ட கை. எனக்கு என்ன வாங்கிக் குடுத்துச்சு இந்தக் கை?" அவர் விரல்களை ஒவ்வொன்றாக, சொன்னபடி, நீட்டிக்கொண்டிருந்தார். மோதிர விரலில் ஆழமாகப் போய் ரத்தம் எட்டிப் பார்த்தது. அவர் கையை இழுக்கவில்லை.

"தேங்க்ஸ் டீச்சர்" என்றார்.

"எதுக்கு? ரத்தம் வந்ததுக்கா?"

"இல்ல. இவ்வளவு நேரம் கையப் புடிச்சிக்கிட்டிருந்தேல்லா."

டீச்சர் நகவெட்டியைத் தரையில் வீசி எறிந்தாள். "மீதி ஒண்ணு இருக்கு. நீங்களே கடிச்சுத் துப்பிக்கோங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். சமையலறையில் நின்று, கொதித்த பாலை இன்னொரு முறை கொதிக்க வைத்தாள். திரும்பி வரவில்லை.

அதைத்தான் எழுதியிருக்கிறார். திட்டியதை எழுதவில்லை. ரத்தத்தை எழுதவில்லை. பத்தாவது விரலைப் பற்றிக்கூடப் புகார் இல்லை. கிடைத்தது ஒன்பது, ஒன்பதுக்கு ஸ்தோத்திரம். கணக்கு சரி.

கைப்பைக்குள் எட்டாகக் கிழித்த தாள் கிடந்தது. எண் போட்டு, தேதி போட்டு, அவள் தானே தனக்கு எழுதிக்கொண்ட சான்றிதழ். இங்கே மருந்துக்கடை ரசீதில் இன்னொன்று. நாற்பத்தாறு வருஷத்தில் எப்சிபாவுக்காக இன்னொருவர் கடவுளிடம் எழுதிக் கொடுத்த ஒரே நல்ல வார்த்தை இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. உடனே இன்னொன்றும் தோன்றியது. எட்டு வருஷமாக அவள் வாசிக்காமலே கிழித்த சீட்டுகளில் இதைப்போல் எத்தனை இருந்ததோ? வெட்கமாக இருந்தது. வெட்கம் அவளுக்குப் பழக்கமில்லாத பொருள். எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்து போதகர் வந்தார். அங்கியின் ஒரு கை இன்னும் மாட்டவில்லை.

"டீச்சர்! நீங்க எதுக்கு இன்னைக்கு? நான்தான் பாத்துக்கிறேன்னு சொன்னேனே."

அவள் சீட்டுகளைச் சேர்த்து நீட்டினாள். மேலே ரசீது இருந்தது.

"ஸ்தோத்திரம் ஒண்ணு இருக்கு. முதல்ல அதை வாசிங்க."

"ஸ்தோத்திரமா?" அவர் ஆச்சரியப்பட்டார். "நான் இந்தச் சபைக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு, ஒண்ணுகூட வந்ததில்லையே டீச்சர்."

"வந்துச்சு. நான் குடுக்கல" என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கியின் மறு கையை மாட்டிக்கொண்டார். "முன்னாடி வந்து உக்காருங்க. உங்களுக்காக விசேஷமா ஜெபிக்கிறோம்."

"வேண்டாம். ஜெபிச்சது போதும்."

ஜனங்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். படிக்கட்டில் இரண்டு பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த நேரத்திலும் ஆலயத்துக்கு வந்தீர்களே என்று கண் கலங்கினார்கள். கையை உருவிக்கொண்டு அவள் நேராக ஆட்டோவில் போய் ஏறிக்கொண்டாள்.

"வூட்டுக்காம்மா?" என்றான் பீர் முஹம்மது.

"இரு. கொஞ்ச நேரம்."

மதிலோரத்து மரத்தடியில் வண்டி நின்றது. உள்ளே பாட்டு முடிந்தது. ஒலிபெருக்கி கொரகொரத்தது. மூத்த சபை அங்கத்தினர் அய்யாதுரை, வயது எழுபத்தேழு, நேற்று மதியம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று போதகர் அறிவித்தார். அடக்க ஆராதனை மூன்று மணிக்கு என்றார். பெஞ்சுகள் கிரீச்சிட்டன. அதன் பிறகு, "இந்த வாரம் ஒரு ஸ்தோத்திரம் வந்திருக்கு, எழுதினவர் பெயர் இல்லை" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

ஒன்பது விரல் என்ற இடத்தில் அவர் குரல் ஒரு கணம் நின்றது. தவறாக வாசித்துவிட்டோமோ என்று பார்த்திருப்பார். அந்த நிறுத்தத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது இன்னொருவருக்குத் தொற்றியது. பிறகு அந்தச் சின்னச் சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் போனது. சாவு அறிவிப்புக்குப் பின் சிரிக்கக் கிடைத்ததில் அவர்களுக்கு ஒரு நிம்மதிகூட இருந்திருக்கும். டீச்சருக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். அவர்களோடு சேர்ந்து சிரிக்காவிட்டாலும், அதை நியாயமென்று வைத்திருந்தவள் அவள்தான்.

பீர் முஹம்மது சீட்டில் திரும்பி உட்கார்ந்தான். "பெர்சு எய்தினது தானேமா? எங்கைலதான் குடுத்தாரு. டப்பால போடு நைனா, டீச்சர் கைக்குத்தான் போவும்னு சொன்னாரு."

டீச்சர் அவனைப் பார்த்தாள். "என் கைக்குத்தான் போகும்னு சொன்னாரா?"

"ஆமா. சிரிச்சிக்கினே சொன்னாரு." அவன் உள்ளே கேட்ட சத்தத்தின் பக்கம் தலையைத் திருப்பினான். "இன்னாத்துக்குமா சிரிக்கிறாங்கோ?"

"ஒன்பதுன்னு எழுதிட்டார்."

"ஒம்பது தானே வெட்டிக்கீது? ஒம்பதுன்னு தானே எய்தணும்?"

எட்டு வருஷம் அவர் யாருக்கு எழுதினார், கடைசியில் இதை யாருக்கு எழுதினார் என்று யோசித்துப் பார்த்தாள். யோசிக்க யோசிக்க முகம் எரிந்தது. உள்ளே போதகர் கனடா விசாவுக்குப் போய்விட்டார்.

"வண்டிய எடு" என்றாள்.

வீட்டு வாசலில் செருப்புகள் பெருகியிருந்தன. கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்து காபி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல மனுஷன் என்று ஒருவர் தொடங்கினார். டீச்சர் அவரைத் தாண்டி உள்ளறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். எழுந்து, ஹம்சாவைக் கூப்பிட்டாள்.

"நகவெட்டி எங்க?"

"கீய கெடந்திச்சி டீச்சரம்மா. பெருக்கசொல்லோ எடுத்து ஜன்னல் மேல வச்சேன்." ஹம்சா எடுத்துக் கொடுத்துவிட்டு, "இப்ப இன்னாத்துக்குமா?" என்றாள்.

டீச்சர் கூடத்துக்கு வந்தாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியில் விரல்களை நுழைத்து இழுத்தாள். கனமாக இருந்தது. தங்கபாயின் மகன் ஆனந்தகுமார் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தான். குளிர் முகத்தில் அடித்தது.

"மைனி, என்ன செய்யிதிய? அத எதுக்குத் தொறக்கிய?"

"இருங்க."

வலது கையுறையை நுனியில் பிடித்து மெதுவாக உருவினாள். அது சுண்டுவிரலில் ஒருமுறை மாட்டி, வந்துவிட்டது. கை குளிர்ந்து விறைத்திருந்தது. மோதிர விரலின் நுனியில், அவள் ஆழமாக வெட்டிய இடத்தில், ஒரு சிறிய கறுத்த கோடு. அதைத் தொட்டுக்கொண்டே அடுத்த விரலைப் பிடித்தாள். அது அவர் நீட்டுவதுபோல் நீளவில்லை. அவளே குனிய வேண்டியிருந்தது. மூக்குக்கண்ணாடி நழுவியது. யாரோ பிடிக்கட்டுமா என்று கேட்டார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

டக் என்றது.

நகத்துண்டு கோட்டின் மடிப்பில் விழுந்தது. அவள் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அவர் கையைக் கீழே வைக்கவில்லை. பிடித்தபடியே, எப்போதும் வரும் அந்த இரண்டு வார்த்தைக்காகக் கொஞ்ச நேரம் நின்றாள்.

திறந்த பெட்டிக்குள்ளிருந்து மோட்டார் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.